டிஜே ஸ்டென்டை நோகாமல் எடுக்க வழி உண்டா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், இடையில் வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும். உங்களுக்கு 46 வயது. இடது பக்கம் இருந்த 9 மி.மீ. சிறுநீர்க் கல்லை லேசரால் உடைத்து, சிறுநீர் தடையில்லாமல் இறங்கத் தற்காலிகமாக உள்ளே விடும் குழாயான டிஜே ஸ்டென்டை வைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு முன் வலது பக்கத்துக்கு இதே வைத்தியம் நடந்தபோது, மயக்கம் எதுவும் கொடுக்காமல் இரும்புக் குழாய் ஒன்றை உள்ளே விட்டு ஸ்டென்டை எடுத்தார்கள். அந்த இரண்டு நிமிடத்தை இன்னும் மறக்க முடியவில்லை. ஆபரேஷனுக்குக்கூடப் பயப்படவில்லை, இதற்குத்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது, நோகாமல் எடுக்க வேறு வழியே இல்லையா என்று கேட்கிறீர்கள்.

இருக்கிறது. நாலைந்து வழி இருக்கிறது. சங்கடம் என்னவென்றால், அவற்றில் பாதியை ஸ்டென்ட் வைக்கும்போதே முடிவு செய்திருக்க வேண்டும். எப்படி எடுக்கப் போகிறோம் என்பது, எப்படி வைத்தோம் என்பதிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. யூராலஜி டாக்டராக இருபது வருடத்துக்கு மேல் இந்தக் குழாய்களை வைத்தும் எடுத்தும் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாங்கள் வைக்கும்போது காட்டும் அக்கறையில் கால்வாசியைக்கூட எடுப்பதில் காட்டுவதில்லை. எங்களுக்கு அது ஓ.பி.க்கு நடுவே முடிக்கிற சின்ன வேலை. மேஜையில் காலை விரித்துப் படுத்திருப்பவருக்கு அப்படி இல்லை.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் மெல்லிய குழாய் யூரிட்டர். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் வழி யூரித்ரா. ஸ்டென்ட் இருப்பது முதல் குழாயில், உயிர் போகிற வலி வருவது இரண்டாவதில். ஸ்டென்ட் என்பது ஏறக்குறைய 2 மி.மீ. தடிமனும் 24, 26 செ.மீ. நீளமும் உள்ள மெத்தென்ற பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். மேல்முனை சிறுநீரகத்துக்குள்ளும் கீழ்முனை சிறுநீர்ப்பைக்குள்ளும் பன்றிவால் மாதிரி சுருண்டு நிற்கும். இரண்டு முனையும் ஆங்கில 'ஜே' எழுத்துபோல வளைந்திருப்பதால்தான் டபுள் ஜே, டிஜே என்ற பெயர். 1978-இல் அமெரிக்காவில் ஃபின்னி என்ற யூராலஜிஸ்ட் இந்த வடிவத்தை விவரித்தார். அதற்கு முன்பு வைத்த நேரான குழாய்கள் மேலேயோ கீழேயோ நழுவிவிடும். இழுத்தால் அந்தச் சுருள் நேராகிவிடும், ஸ்டென்ட் வழுக்கிக்கொண்டு வரும். வரும்போது விலாவுக்குக் கீழே உள்ளிருந்து யாரோ நூல் இழுப்பதுபோல விசித்திரமாக இருக்கும், ஆனால் கத்த வைக்கிற வலி அது இல்லை.

கத்த வைப்பது, அதைப் பிடிக்கப் போகும் கருவிதான். உங்களுக்கு அன்றைக்குப் போட்டது ரிஜிட் சிஸ்டோஸ்கோப், சிறுநீர்ப்பைக்குள் விட்டுப் பார்க்கிற கருவி. வளையாத உலோகக் குழாய், தடிமன் 6 முதல் 7 மி.மீ. இருக்கும். ஆணின் யூரித்ரா நேரான பாதை இல்லை. 18, 20 செ.மீ. நீளத்தில் 'எஸ்' மாதிரி வளைந்து, சிறுநீரை அடக்கும் தசையைத் தாண்டி, ப்ராஸ்டேட்டுக்குள் நுழைந்து மேலேறுகிற பாதை. வளையாத குழாய் அதில் போக வேண்டுமென்றால் பாதைதான் நேராகியாக வேண்டும். அந்த இடத்தில்தான் நீங்கள் மேஜையை இறுக்கிப் பிடித்திருப்பீர்கள். பெண்களுக்கு யூரித்ரா 4 செ.மீ. அளவுதான், அதுவும் நேர்வழி. அதனால்தான் 'எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, நீங்கள் ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள்' என்று மனைவிமார் கணவரைக் கேலி செய்வதை ஓ.பி.யில் அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை, பாதை வேறு.

ஆகவே ஏற்கெனவே நூலில்லாத சாதாரண ஸ்டென்ட் உள்ளே இருக்கிற உங்களுக்கு முதல் பதில்: ஃபிளெக்ஸிபிள் சிஸ்டோஸ்கோப்பில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தடிமன் 5 மி.மீ. அளவுதான். மெல்லிய, வளையும் குழாய், நுனியைத் திருப்பலாம். பாதை எப்படி வளைகிறதோ அப்படியே அதுவும் வளைந்து போகும். மல்லாக்கப் படுத்தால் போதும், காலைத் தூக்கிக் கட்ட வேண்டியதில்லை. சிறுநீர்ப்பைக்குள் போனதும், தரையின் ஒரு ஓரத்தில் யூரிட்டர் திறக்கும் சின்னத் துளையிலிருந்து நீலமோ பச்சையோ வெள்ளையோ ஒரு சுருள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்கோப்புக்குள்ளிருந்து கம்பி மாதிரி ஒரு பிடிப்பான் வரும், சுருளைக் கவ்வும், ஸ்கோப்போடு சேர்த்து வெளியே வந்துவிடும். கவ்விய பிறகு பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்.

எல்லா ஊரிலும் இந்த ஸ்கோப் இருக்கிறதா என்றால், இல்லை. விலை அதிகம், கொஞ்சம் அழுத்தி மடக்கினால் உள்ளே இருக்கும் இழைகள் உடைந்துவிடும், ரிப்பேர் செலவு இன்னொரு தலைவலி. அதனாலேயே பல சின்ன ஆஸ்பத்திரிகளில் இரும்புக் குழாயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் ஊரில் இல்லையென்றால் பக்கத்து நகரத்தில் இருக்கும். ஸ்டென்டை வைத்தவரேதான் எடுக்க வேண்டும் என்று சட்டமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு போனால் போதும். என்ன ஸ்டென்ட், எந்தப் பக்கம், எந்தத் தேதியில் வைத்தது என்பது அதில் இருக்கும். வைத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது மரியாதை, அவ்வளவே.

எந்த ஸ்கோப்பாக இருந்தாலும் வலியைக் குறைக்கிற சில சின்ன விஷயங்கள் உண்டு. யாரும் இதைச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மரத்துப் போவதற்கு லிக்னோகெய்ன் ஜெல்லி போடுவார்கள் அல்லவா, அது வேலை செய்ய நேரம் வேண்டும். பத்து நிமிடமாவது உள்ளே இருக்க வேண்டும். அவசரத்தில் ஜெல்லியைப் பீய்ச்சிய கையோடு ஸ்கோப்பை விட்டால், அது வழுக்கலுக்கு மட்டும்தான் உதவும், மரத்துப் போக உதவாது. 'ஜெல்லி போட்டுப் பத்து நிமிஷம் விடுங்கள் சார்' என்று தைரியமாகக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது இன்னும் எளிது. ஸ்கோப்போடு சலைன் தண்ணீர் ஒரு பையிலிருந்து உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். நுனி அந்த அடக்கும் தசையிடம் வரும்போது நர்ஸ் அந்தப் பையை இரண்டு கையாலும் அமுக்கினால், தண்ணீரின் அழுத்தமே வழியைத் திறந்துவிடும், ஸ்கோப் அந்தத் திறப்புக்குள் மிதப்பதுபோல நுழைந்துவிடும். காசு செலவில்லாத இந்தத் தந்திரம் ஆண்களுக்கு வலியைக் குறைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தே காட்டியிருக்கிறார்கள். அதே நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது, சிறுநீர் கழிக்கப் போவதுபோலத் தளர்த்திக்கொள்வது. இறுக்கினால் தசை மூடிக்கொள்ளும், அப்புறம் ஸ்கோப் அதோடு சண்டை போட வேண்டும். திரை உங்களுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால் அதைப் பாருங்கள். தன் உடம்புக்குள் போகும் பாதையை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வலி குறைவாகத்தான் தெரிகிறது.

சரி, இத்தனைக்குப் பிறகும் பயம் போகவில்லை என்றால்? லேசான மயக்கம் கொடுத்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வெறும் வயிற்றில் வர வேண்டும், கூட ஒருவர் வர வேண்டும், கொஞ்சம் கூடுதல் செலவு. அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது. இது கோழைத்தனம் இல்லை. ஒரு தடவை கஷ்டப்பட்டவருக்கு இரண்டாம் தடவை உடம்பு முன்கூட்டியே இறுகிக்கொள்ளும், அது உங்கள் கையில் இல்லாத விஷயம்.

இனி, முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை என்றேனே, அவற்றுக்கு வருகிறேன். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது நூல்.

பல கம்பெனிகளின் ஸ்டென்ட், பாக்கெட்டிலிருந்து பிரிக்கும்போதே கீழ்முனையில் ஒரு நூலோடுதான் வருகிறது. வைக்கும்போது இடம் சரியில்லையென்றால் இழுத்துச் சரிசெய்ய அந்த நூல் உதவும். சரியாக உட்கார்ந்ததும் பெரும்பாலான டாக்டர்கள் அதை வெட்டி எறிந்துவிடுவார்கள். வெட்டாமல் விட்டால், நூல் யூரித்ரா வழியாக வெளியே வந்து தொங்கும். அதை ஆண்களுக்கு ஆணுறுப்பின் மேலோ, பெண்களுக்கு அடிவயிற்றின் கீழோ தொடையின் உள்பக்கமோ பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவோம். நாள் வந்ததும் நூலைப் பிடித்து இழுத்தால் ஸ்டென்ட் வந்துவிடும். ஸ்கோப் இல்லை, ஜெல்லி இல்லை, மேஜை இல்லை. சிலர் ஆஸ்பத்திரிக்கு வந்து எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் வீட்டிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

என்னிடம் வந்த ஒரு பெரியவர், லாரி ஓட்டியவர். செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமையே வந்து நின்றார், வேட்டி மடிப்பிலிருந்து கர்ச்சீப் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஸ்டென்ட், இரண்டு சுருளும் முழுசாக. 'குளிக்கும்போது இழுத்துப் பார்த்தேன், அதுபாட்டுக்கு வந்துருச்சு. முழுசா இருக்கான்னு காட்டத்தான் வந்தேன்' என்றார். ஒரு நாள் முந்திவிட்டாரே தவிர, செய்ததில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் அவர் செய்ததுதான் எல்லோரும் செய்ய வேண்டியது: வெளியே வந்ததில் இரண்டு சுருளும் இருக்கிறதா என்று பார்ப்பது.

வீட்டில் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இது. வேலை நாளில், காலையில் எடுங்கள். சனிக்கிழமை ராத்திரி வேண்டாம், ஏதாவது என்றால் டாக்டர் கிடைக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்பே டாக்டர் சொன்ன வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். வெந்நீர் விட்டுக்கொண்டு நின்றபடியோ, டாய்லெட்டில் உட்கார்ந்தபடியோ, மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டு ஒரே சீராக இழுங்கள். வெடுக்கென்று வேண்டாம், விட்டு விட்டும் வேண்டாம். ஒரு சாண் நீளத்துக்கு மேல் வரும், பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள். பாதியில் நின்றால் ஸ்டென்டின் முனை யூரித்ராவில் நிற்கும், சிறுநீர் தானாக ஒழுகும். ஆனால் இழுக்கும்போது நிஜமாகவே தடுத்தால், நூல் மட்டும் அறுந்து வந்துவிட்டால், கையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பலம் காட்டுகிற இடம் இது இல்லை.

குறையே இல்லையா? இருக்கிறது. நூல் எங்கேயாவது மாட்டி, ஸ்டென்ட் நாளுக்கு முன்பே வந்துவிடலாம். ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், தோராயமாகப் பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் கல் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு நாள் முந்தி வந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் யூரிட்டரில் கிழிசல் ஏற்பட்டு அது ஆறுவதற்காக வைத்த ஸ்டென்ட், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவருக்கு வைத்தது, வாரக்கணக்கில் இருக்க வேண்டியது, இதற்கெல்லாம் நூல் விடமாட்டேன். நூல் சரிப்படுவது ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடக்கூடிய ஸ்டென்டுக்கு. அதுவரை தாம்பத்தியமும் கூடாது. நூல் இருந்தால் கிருமித் தொற்று கூடும் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை.

நூலுக்கு இன்னொரு லாபமும் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற பொருளை யாரும் மறப்பதில்லை. உள்ளே இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

நூல் பிடிக்காதவர்களுக்குக் காந்தம். ஸ்டென்டின் கீழ்முனையில் சின்னக் காந்தம் ஒன்று கட்டப்பட்டிருக்கும். எடுக்கும்போது, நுனியில் காந்தம் வைத்த கதீட்டர் என்ற மெல்லிய குழாய் ஒன்றைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டால் இரண்டும் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும், அப்படியே உருவிவிடலாம். தடிமன் 3 மி.மீ. அளவுதான். கேமரா வேண்டாம். இந்த யோசனை 1980-களின் கடைசியிலேயே வந்துவிட்டது. ஜெர்மனியின் யூரோடெக் கம்பெனியின் 'பிளாக் ஸ்டார்' ஸ்டென்ட் வந்த பிறகுதான் பலரும் இதைக் கையிலெடுத்தார்கள். இதனால் உண்மையில் பிழைத்தவர்கள் குழந்தைகள். ஐந்து வயதுப் பிள்ளையை ஜெல்லி போட்டுப் படுக்க வைத்து ஸ்கோப் விட முடியாது. ஸ்டென்ட் எடுப்பதற்காக மட்டுமே இரண்டாவது தடவை முழு மயக்கம் கொடுக்க வேண்டும். காந்தமோ நூலோ இருந்தால் அந்த மயக்கமே பல பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஸ்டென்ட் வைக்கப் போகிறார்கள் என்றால் இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். காந்த ஸ்டென்ட் உள்ளே இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், ஸ்டென்ட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரே தடவை உபயோகித்துவிட்டுத் தூக்கிப் போடும் ஃபிளெக்ஸிபிள் ஸ்கோப்பும் வந்திருக்கிறது. கோலோபிளாஸ்ட் கம்பெனியின் 'ஐசிரிஸ்' அப்படிப்பட்டது, பிடிப்பான் அதற்குள்ளேயே இருக்கும். ஸ்கோப்பைக் கழுவிச் சுத்தம் செய்யக் காத்திருக்க வேண்டியதில்லை, வார்டில் படுக்கையிலேயே எடுத்துவிடலாம். கிட்னி மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, தொற்று பயம் அதிகம் என்பதால், இது நல்ல வசதி. நோயாளியின் உடம்புக்கு மற்ற ஃபிளெக்ஸிபிள் ஸ்கோப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பில்லில் தெரியும்.

தானாகக் கரைகிற ஸ்டென்ட் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் யாராவது எனக்கு அனுப்புவார்கள். யோசனை அருமை. ஆனால் கரையும்போது துண்டு துண்டாகப் பிய்ந்து, அந்தத் துண்டே யூரிட்டரை அடைத்துவிடக்கூடாது, தேவைக்கு முன்பும் கரையக்கூடாது, பின்பும் நிற்கக்கூடாது. முயற்சிகள் நடந்துகொண்டே இருக்கின்றன, அன்றாட உபயோகத்துக்கு இன்னும் வரவில்லை. வாழைத்தண்டு சாறு குடித்தால் ஸ்டென்ட் கரையுமா என்று கேட்டவரும் உண்டு. கரையாது. அது பிளாஸ்டிக்.

எல்லாவற்றையும்விட நோகாத வழி, வைக்காமலே இருப்பது. கல்லை யூரிட்டருக்குள் விடும் ஸ்கோப்பான யூரிட்டராஸ்கோப்பில் சிக்கலில்லாமல் எடுத்தாயிற்று, யூரிட்டரில் காயமில்லை, சுருக்கமில்லை, மறுபக்கச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது, அடுத்து இன்னொரு தடவை உள்ளே போக வேண்டியதில்லை என்றால், ஸ்டென்ட் வைக்காமலே விடலாம் என்று அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2016 வழிகாட்டுதலே சொல்கிறது. பிறகு ஏன் ஏறக்குறைய எல்லோருக்கும் வைக்கிறோம்? ஸ்டென்ட் வைக்காதவர் ராத்திரி இரண்டு மணிக்கு இடுப்பு வலியோடு எமர்ஜென்சிக்கு வந்துவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. நடுவழியாக, மெல்லிய நேரான கதீட்டர் ஒன்றை ஒரு நாள் மட்டும் வைத்து, சிறுநீர்ப்பை டியூபோடு கட்டி, மறுநாள் இரண்டையும் சேர்த்து உருவிவிடுவதும் உண்டு. நான் முடிந்த இடத்தில் அதைச் செய்கிறேன்.

எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டே நாளைத் தள்ளிப் போடாதீர்கள், அதுதான் உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது. கல் உண்டாகும் உடம்பில் ஸ்டென்ட் மீதும் உப்பு படியும். ரியாத்திலிருந்து 1991-இல் வெளியான ஒரு ஆய்வில், ஆறு வாரத்துக்குள் எடுத்த ஸ்டென்ட்களில் 9 சதவீதத்தில்தான் படிவு இருந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் அது 47 சதவீதம், அதற்கும் மேல் போனால் 76 சதவீதம். படிவு கெட்டியாகிவிட்டால் சுருள் நேராகாது, நூலும் உதவாது, காந்தமும் உதவாது. அப்புறம் லேசர், முதுகு வழியே துளை என்று பெரிய ஆபரேஷனாகிவிடும். ஸ்டென்ட் வைத்ததையே மறந்து வருடக்கணக்கில் கழித்து வந்தவர்களின் எக்ஸ்-ரேயில் சிறுநீரகத்தில் ஒரு கல், சிறுநீர்ப்பையில் ஒரு கல், நடுவில் கம்பி மாதிரி ஸ்டென்ட் என்று பளு தூக்கும் டம்பெல் போலத் தெரியும். மூன்று மாதம் தாண்டிய எந்த ஸ்டென்டையும் எக்ஸ்-ரே பார்க்காமல் இழுக்கக்கூடாது. உங்களுக்கு மூன்று வாரம்தானே, அந்தக் கவலை இல்லை. தேதியைத் தவறவிடாதீர்கள்.

எடுக்கப் போகும் முன் காய்ச்சலோ குளிரோ இருந்தால் சொல்லிவிடுங்கள், தொற்றைச் சரிசெய்த பிறகுதான் தொட வேண்டும். எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் விலாவில் சுருக்கென்று ஒரு வலி வரலாம். ஸ்டென்ட் போனதும் யூரிட்டர் சுருங்கித் துடிப்பதால் வருவது, பழைய கல் வலி மாதிரியே இருந்து பயமுறுத்தும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். எடுப்பதற்கு முன்பே ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டால் இது நன்றாகக் குறைகிறது. ஆனால் ரத்தத்தில் கிரியேட்டினின் அதிகம் உள்ளவர்களும், அதாவது சிறுநீரக வேலை குறைந்தவர்களும், அல்சர் உள்ளவர்களும் டைக்ளோஃபெனாக் வகையைக் கேட்காமல் போடக்கூடாது. இரண்டு நாள் எரிச்சலும் இளஞ்சிவப்புச் சிறுநீரும் சகஜம். வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்புறம், கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: வலது பக்கம் இன்னொரு சின்னக் கல் இருப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள் என்று. அது நகர்ந்து ஆபரேஷன் என்று வந்தால், சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். எனக்கு ஸ்டென்ட் அவசியம் வேண்டுமா? வேண்டுமென்றால், நூலை வெட்டாமல் விட முடியுமா?